கோப்பு எங்கே நிற்கிறது? தொகுதிக் கேள்விகள் கோட்டையில் என்ன ஆகின்றன

தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரத்தைக் கொஞ்சம் பார்த்தாலே ஒரு வாசகம் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "அரசு ஆவன செய்யுமா?" இன்ன ஊராட்சியில் ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா, இன்ன பள்ளியைத் தரம் உயர்த்த ஆவன செய்யுமா, இன்ன ஓடையின் குறுக்கே தடுப்பணை கட்ட ஆவன செய்யுமா. ஊரும் தேவையும் மாறும், வாசகம் மாறாது. அமைச்சர் எழுந்து ஒரு வரியில் பதில் சொல்வார். உறுப்பினர் நன்றி சொல்லித் துணைக் கேள்வி கேட்பார். ஓரிரு நிமிடத்தில் அவை அடுத்த ஊருக்குப் போய்விடும்.

2022 ஜனவரியில் கேள்வி நேரம் நேரலையாக ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதன் பிறகு அந்த ஓரிரு நிமிடக் காட்சி அன்று மாலையே ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிடுகிறது. நம்ம எம்.எல்.ஏ. பேசிட்டார் என்று ஊருக்கும் திருப்தி, அவருக்கும் திருப்தி. அமைச்சர் என்ன பதில் சொன்னார், ஆறு மாதம் கழித்து அந்தப் பதில் என்ன ஆனது என்று தேடிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு இதில்தான் கவலை. ஒரு தொகுதி உறுப்பினர் கையில் உள்ள கருவிகளில் கேள்விக்குத் தனி வலிமை உண்டு. அந்த வலிமை எங்கே இருக்கிறது என்று வாக்காளருக்குத் தெரியாவிட்டால், அதை வீணாக்கும் உறுப்பினரையும் சரியாகப் பயன்படுத்தும் உறுப்பினரையும் பிரித்தறிய வழியே இல்லை.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. வெள்ளையர் ஆட்சியில் 1892-ஆம் ஆண்டுச் சட்டம்தான் சட்டசபை உறுப்பினர்களுக்கு முதன்முதலில் கேள்வி கேட்க அனுமதி தந்தது. அப்போது துணைக் கேள்வி கிடையாது. அரசு சொன்ன பதிலை அப்படியே கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 1909-ல் கேள்வி கேட்டவருக்கு மட்டும் துணைக் கேள்வி கேட்கும் உரிமை வந்தது. 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றானது. ஆட்சியாளரிடம் "அப்படியென்றால் இது ஏன்?" என்று மறுபடி கேட்கும் இடத்துக்கு வந்து சேர ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்திலிருந்தே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1923-ல் மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட, ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன், 1924-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதையும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பயன்படுத்தத் தடையில்லை என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அதே ஆண்டு செப்டம்பரில் அரசாணையாகவும் வந்தது. தீர்மானம் வந்ததும் எல்லா ஊர்க் கிணறும் திறந்துவிடவில்லை. பல ஊர்களில் பல பத்தாண்டுகள் ஆயின. ஆனால் அதுவரை 'ஊர் வழக்கம்' என்று சொல்லித் தட்டிக்கழித்த அதிகாரியிடம், "அரசாணை இருக்கிறதே, உங்கள் ஊரில் ஏன் நடக்கவில்லை?" என்று கேட்க ஒரு பிடி கிடைத்தது. உள்ளூர்ப் பொதுச் சேவை பற்றிய கேள்வி என்றாலே ரோடு, பைப்பு, பல்பு என்று சின்னதாக நினைப்பவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடக் கூடாது. ஒரு ஊரின் கிணறு யாருக்கானது என்பதுதான் அன்று சட்டசபையில் பேசப்பட்டது.

சரி, இன்றைய நடைமுறைக்கு வருவோம்.

உறுப்பினர் கேள்வியை எழுதிப் பேரவைச் செயலகத்தில் கொடுக்கிறார். ஒரு கேள்வியில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும், வாதம் செய்யக் கூடாது, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைத் தொடக் கூடாது, மாநில அரசின் பொறுப்பில் இல்லாததைக் கேட்கக் கூடாது. இப்படிச் சில நிபந்தனைகள் உண்டு. பேரவைத் தலைவர் ஏற்றுக்கொண்டால் கேள்வி சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும். அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியதற்கு உடுக்குறி (நட்சத்திரக் குறி) இடுவார்கள். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். துணைக் கேள்வி கேட்க முடிவது உடுக்குறியிட்ட கேள்விகளில்தான். 234 உறுப்பினர்களுக்கும் சேர்த்து ஒரு நாளில் கேள்விக்கு ஒதுக்கப்படுவது ஒரு மணி நேரம். அதில் உண்மையாக எடுத்துக்கொள்ளப்படும் கேள்விகள் விரல்விட்டு எண்ணும் அளவே. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. ஒரு உறுப்பினர் சராசரியாக மூன்று லட்சம் பேருக்கு மேல் சார்பில் பேசுகிறார். அந்த மூன்று லட்சம் பேருக்கும் சேர்த்துக் கிடைப்பது எப்போதாவது ஒரு ஓரிரு நிமிடம். அதில் பாதியைத் தலைவர்களை வாழ்த்துவதில் செலவழிக்கும் வழக்கம் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

கேள்வி துறைக்குப் போன பிறகு நடப்பதை நாம் திரையில் பார்ப்பதில்லை, ஆனால் முக்கியமான பகுதி அதுதான். தலைமைச் செயலகத்தில் உள்ள பிரிவு, துறைத் தலைமையிடம் அறிக்கை கேட்கும். துறைத் தலைமை மாவட்ட அலுவலரிடம் கேட்கும். அவர் வட்டாரத்தில் உள்ளவரிடம் கேட்பார். கடைசியில் ஒரு பொறியாளரோ மருத்துவ அலுவலரோ கல்வி அலுவலரோ அந்த ஊர் நிலவரத்தை எழுதி அனுப்ப வேண்டும். மக்கள்தொகை எவ்வளவு, பக்கத்து மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், நிலம் இருக்கிறதா, மதிப்பீடு எவ்வளவு, ஏற்கெனவே கருத்துரு, அதாவது திட்ட முன்மொழிவு, அனுப்பப்பட்டதா என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். அமைச்சரிடம் துணைக் கேள்வி வந்தால் சமாளிக்க இன்னொரு குறிப்பும் தயாராகும். ஆக, கேள்வி அவையில் வாசிக்கப்படும் முன்பே ஒரு வேலையைச் செய்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத ஒரு கோப்பை ஒருவர் எடுத்துத் தூசி தட்டிப் படிக்க வேண்டி வருகிறது. உறுப்பினர் விவரமாகக் கேட்டிருந்தால் அவர் விவரமாகப் படிக்க வேண்டும். மேலோட்டமாகக் கேட்டிருந்தால், மேலோட்டமாக ஒரு வரி எழுதி அனுப்பிவிடலாம்.

பெரும்பாலான தொகுதிக் கேள்விகள் வழி தவறுவது எந்தத் துறையிடம் கேட்பது என்ற இடத்தில்தான். ஊர்க்காரருக்குச் சாலை என்றால் சாலை. அரசுக்கு அப்படியில்லை. மாநில நெடுஞ்சாலையும் மாவட்டச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையுடையவை. தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசுடையது. காட்டுக்குள் போனால் வனத்துறையும் உண்டு. நெடுஞ்சாலைத் துறை அமைச்சரிடம் கேட்டால், "அது ஊராட்சி ஒன்றியச் சாலை, எங்கள் துறையைச் சார்ந்ததல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்தப் பதிலில் பொய் கிடையாது. ஆனால் பள்ளத்தில் விழுந்தவருக்கு அதனால் என்ன பயன்? ரயில்வே மேம்பாலங்கள் ஆண்டுக்கணக்கில் இரண்டு பக்கமும் ஏறுபாதை இல்லாமல் நடுவில் மட்டும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியை ரயில்வே கட்டும், இருபுறமும் ஏறுபாதையை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும், அதற்கான நிலத்தை எடுத்துத் தர வருவாய்த் துறை வேண்டும். எந்த இடத்தில் வேலை நிற்கிறது என்று தெரியாமல் "பாலம் எப்போது முடியும்?" என்று கேட்டால் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் கைகாட்டும்.

மருத்துவத்திலும் இதே கதைதான், இங்கே விளைவு இன்னும் கடுமை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறை இயக்ககத்தின்கீழ் வருகின்றன. வட்ட, மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின்கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின்கீழ். மருத்துவர்களைத் தேர்வு செய்வது 2012-ல் உருவான மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். இப்போது ஒரு உறுப்பினர் எழுந்து, எங்கள் ஊர் சுகாதார நிலையத்தை அரசு மருத்துவமனையாகத் தரம் உயர்த்த வேண்டும் என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஓர் இயக்ககத்திலிருந்து இன்னோர் இயக்ககத்துக்கு நிலையத்தையே மாற்றும் வேலை. புதிய பணியிடங்கள் வேண்டும், நிதித்துறை ஒப்புதல் வேண்டும். பல நேரம் அந்த ஊருக்கு உண்மையில் தேவை இரவு நேரத்தில் ஒரு மருத்துவர், ஒரு ஸ்கேன் கருவி, காலியாக உள்ள செவிலியர் பணியிடத்துக்கு ஓர் ஆள். "இந்த நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலியாக உள்ளவை எத்தனை, எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்டால் அமைச்சர் எண்ணோடுதான் பதில் சொல்ல வேண்டும். 'பரிசீலிக்கப்படும்' என்று சொல்லித் தப்ப முடியாது. காலியிட எண்ணை அவையில் சொன்ன பிறகு, அதை நிரப்பாமல் வைத்திருப்பது அரசுக்கே சங்கடம்.

அமைச்சர்களின் பதில்களிலும் ஒரு வகைப்பாடு உண்டு. "அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை" என்றால் கோப்பே பிறக்கவில்லை. கேள்வி கேட்டவர் முதலில் மாவட்ட அலுவலரிடம் போய்க் கருத்துரு அனுப்பவைக்க வேண்டும். "விதிமுறைகளின்படி சாத்தியக்கூறு இல்லை" என்றால் தூரமோ மக்கள்தொகையோ இடிக்கிறது. "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் தொழில்நுட்ப ரீதியில் தடை இல்லை, வரிசையில் பின்னால் நிற்கிறது. "இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்" என்றால் அது வாக்குறுதி. முதல் பதிலுக்கும் கடைசிப் பதிலுக்கும் இடையே ஒரு ஊரின் பத்து ஆண்டுகள் இருக்கலாம். ஆனால் செய்தித்தாளில் நான்குமே "எம்.எல்.ஏ. கோரிக்கை, அமைச்சர் பதில்" என்று ஒரே அளவுச் செய்தியாகத்தான் வருகின்றன.

இரண்டாவது பதிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பாதிக்கப்படுவது மலைவாழ் மக்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான அளவுகோல் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடியினர் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையத்துக்கு 5,000, மலையில் 3,000. மலைக்கென்று எண்ணைக் குறைத்திருக்கிறார்களே என்று தோன்றும். ஆனால் சவ்வாதுமலையிலோ கல்வராயனிலோ பர்கூர் மலையிலோ சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளை எண்ணிப் பார்த்தால், 20,000 பேர் சேர்வதற்குள் பல பள்ளத்தாக்குகளைத் தாண்ட வேண்டியிருக்கும். தலையெண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு, நடக்க வேண்டிய நேரத்தைப் பார்ப்பதில்லை. கர்ப்பிணியை டோலி கட்டித் தூக்கிவந்த செய்தி இன்றும் வருகிறது. வாகனம் போக வழியில்லாத மலைக் கிராமம் என்று கொடைக்கானல் மலைச்சரிவில் உள்ள வெள்ளகவியின் பெயர் ஆண்டுக்கணக்கில் செய்திகளில் அடிபட்டது.

மலைக் கிராமத்துச் சாலை பற்றிச் சட்டமன்றத்தில் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: வனப்பகுதி என்பதால் வனத்துறை அனுமதி பெறப்பட வேண்டும். 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும். அது நீண்ட வழி. இந்தப் பதிலைக் கேட்டதும் பல உறுப்பினர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்காரத் தேவையில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்கென்றே ஒரு குறுக்குவழியைச் சட்டபூர்வமாகத் திறந்து வைத்திருக்கிறது. பள்ளி, மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக்கூடம் என 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். இவை இருந்தால் 1980 சட்டத்தின் நீண்ட வழியில் போகாமலே நிலத்தைத் தரலாம். முடிவு மாவட்ட அளவிலேயே, மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே எடுக்கப்படும்.

இப்போது இரண்டு கேள்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது: "இன்ன மலைக் கிராமத்துக்குச் சாலை வசதி செய்து தர அரசு ஆவன செய்யுமா?" இரண்டாவது: "இன்ன மலைக் கிராமச் சாலைக்கு வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவின்கீழ் கிராமசபைத் தீர்மானம் அனுப்பப்பட்டுள்ளதா, அது எந்தத் தேதியில் வன அலுவலரிடம் கிடைத்தது, அதன்மீது எடுக்கப்பட்ட முடிவு என்ன?" முதல் கேள்விக்கு ஆறுதல் வார்த்தை கிடைக்கும். இரண்டாவது கேள்விக்குத் தேதி கிடைக்கும். தேதி கிடைத்துவிட்டால், யார் மேசையில் எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்பது வெளியே வந்துவிடும். இதைக் கேட்க உறுப்பினர் வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. அந்த ஊர் கிராமசபைக்கு ஒரு தடவை போய்வந்து, தீர்மான நகலைக் கையில் வாங்கியிருந்தால் போதும்.

பேருந்துக் கேள்விகளிலும் இதைப் பார்க்கலாம். 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, அது சாதாரண நகரப் பேருந்துகளுக்கு மட்டும் என்றிருந்தது. நகரப் பேருந்து என்ற வகையே இல்லாத மலைப்பகுதிகளில் பெண்கள் முழுக் கட்டணம் கொடுத்தே ஏறினார்கள். பேருந்து இல்லை என்பது அங்கே பிரச்சினை அல்ல, ஓடும் பேருந்து எந்த வகையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான். 2024-ல் திட்டம் மலைப்பகுதிகளுக்கும் விரிவானது.

ஆனால் கேள்வியால் மட்டும் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அத்திக்கடவு - அவினாசித் திட்டத்தின் கதையைப் பார்த்தால் அதன் எல்லையும் புரியும். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட பகுதிகளுக்கு, பவானியில் வீணாகப் போகும் வெள்ள நீரைக் கொண்டுவந்து குளம் குட்டைகளை நிரப்ப வேண்டும் என்பது அரை நூற்றாண்டையும் தாண்டிய கோரிக்கை. அந்தப் பகுதியிலிருந்து கோட்டைக்குப் போன உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், இதைப் பேசாமல் இருந்ததில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி வந்தது. ஆய்வு நடக்கிறது, வனப்பகுதி வழியாகப் போகிறது, செலவு அதிகம், பவானி கேரளத்துக்குள்ளும் ஓடி வரும் ஆறு என்று ஒவ்வொரு காலத்திலும் ஒரு காரணம் இருந்தது. இதற்குள் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்டன.

2016 பிப்ரவரியில் அவினாசியில் மக்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கடையடைப்பு நடந்தது, உண்ணாவிரதம் இருந்தவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் விஷயம் நகர்ந்தது. திட்டத்தின் வடிவமும் மாறியது. மேலே காட்டுப் பகுதியிலிருந்து கால்வாய் வெட்டுவதற்குப் பதிலாக, கீழே காலிங்கராயன் அணைக்கட்டுக்கு அப்பால் வரும் உபரி நீரை 6 நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றுவது என்றானது. 2019 பிப்ரவரியில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 1,916 கோடி ரூபாய்ச் செலவு, 1,045 ஏரி, குளம், குட்டைகள், 24,468 ஏக்கர், 1.5 டி.எம்.சி. தண்ணீர். யாருக்குப் பெருமை என்று இரண்டு கட்சிகளும் வாதாடிக்கொண்டன. எனக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை. ஓர் ஊர் மக்கள் தெருவுக்கு வந்து பட்டினி கிடக்கும்வரை, சட்டமன்றத்தில் பதிவான அத்தனை கேள்விகளும் பதில்களும் ஏன் போதுமானதாக இல்லை என்பதே என் வருத்தம். திட்டம் தொடங்கிய பிறகும் விடுபட்ட குளங்களுக்கு இரண்டாம் கட்டம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருக்கிறது.

ஏன் போதவில்லை என்பதற்கு ஒரு காரணம், பதிலைப் பின்தொடரும் அமைப்பு வலுவாக இயங்காததுதான். அப்படி ஓர் அமைப்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அவையில் அமைச்சர்கள் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேற்றப்பட்டனவா என்று பார்ப்பதே அதன் வேலை. மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆய்வும் செய்வார்கள், ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் நடக்கும். மக்களவையிலும் இப்படி ஒரு குழு 1953 முதல் இருக்கிறது. அங்கே ஒரு வாக்குறுதியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நடைமுறை, முடியாவிட்டால் காலநீட்டிப்பு கேட்க வேண்டும். 'விஷயம் பரிசீலனையில் உள்ளது' என்று அமைச்சர் சொன்னால்கூட மக்களவைக் குழு அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் செய்திகளில் உறுதிமொழிக் குழுவின் வருகை ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடுகிறது. உங்கள் மாவட்டத்துக்கு அந்தக் குழு வரும் நாளில், உங்கள் ஊர் பற்றி அவையில் சொல்லப்பட்ட பதிலின் நகலோடு யாராவது அங்கே நிற்க வேண்டும். அதைச் செய்ய முதல் கடமைப்பட்டவர் கேள்வி கேட்ட உறுப்பினரேதான்.

கேள்வி நேரம் தவிர வேறு வழிகளும் உண்டு. அவசர விஷயம் என்றால் பேரவை விதி 55-ன்கீழ் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம், அமைச்சர் விளக்கம் தர வேண்டும். துறைகளின் ஆண்டுச் செலவுக்கு அவை ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கை விவாதத்தில் அந்தந்தத் துறையின் செலவுக் கணக்கே அவையின் முன்னால் இருக்கும், அந்தத் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுத்துப் பேசலாம். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அப்போதுதான் கைக்கு வரும். போன ஆண்டு அறிவித்தது எத்தனை, அதில் முடிந்தது எத்தனை என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. விதி 110 இதற்கு நேர்மாறானது. அதன்கீழ் அரசு அறிவிப்பை வெளியிடும், அன்று அதன்மீது விவாதம் கிடையாது. ஜெயலலிதா காலத்தில் இது அடிக்கடி பயன்பட்டது, பின்னர் வந்தவர்களும் விடவில்லை. அறிவிப்புகள் வருவது நல்லதுதான். ஆனால் கேள்வி கேட்க இடமில்லாத அறிவிப்பு அதிகமாகும்போது, தொகுதி உறுப்பினர் கைதட்டுபவராக மட்டும் மிஞ்சிவிடுகிறார்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். தொகுதியில் நீண்ட காலமாக நிறைவேறாமல் உள்ள பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள் என்றது கடிதம். 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்தின் பகுதி அது. எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் சேர்த்து எழுதியது பாராட்டத்தக்கது. அதே நேரம், ஒவ்வொரு தொகுதியின் அந்தப் பத்து என்ன, எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, ஏன் என்ற விவரம் அந்தத் தொகுதி மக்கள் கைக்கு வர வேண்டும். கோரிக்கை கொடுத்தவர் தன் மூன்று லட்சம் மக்களிடமும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பேர் சொன்னார்கள்? உங்கள் தொகுதியின் பத்து என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?

சட்டமன்ற உறுப்பினரிடம் ஏன் தெருவிளக்கைப் போய்க் கேட்கிறீர்கள், அது உள்ளாட்சி வேலையல்லவா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 29 விஷயங்களை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. குடிநீர், தெருவிளக்கு, ஊர்ச்சாலை பற்றிக் கேட்க வேண்டிய முதல் இடம் கிராமசபைதான். ஆனால் நம் மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடப்பதே போராட்டமாகிவிட்டது. 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2016-ல் முடிந்தது. அடுத்த ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் நடந்தது 2019 டிசம்பரில். மற்ற 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில். நகர்ப்புறத்தில் 2022 பிப்ரவரியில். நடுவில் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊரை நடத்தினார்கள். அந்த 27 மாவட்ட ஊராட்சிகளின் காலமும் 2025 ஜனவரி 5-ல் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத ஊரில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போவது? எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குத்தான். அவரும் தன் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து ஒரு தொட்டி கட்டித் தருவார். அந்த நிதி ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய். மூன்று லட்சம் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு நூறு ரூபாய். அதை வைத்து ஒரு தொகுதியின் பொதுச் சேவையை நடத்த முடியாது. அவருடைய உண்மையான பலம் துறைகளின் பெரிய பணத்தை நோக்கிக் கேட்கும் கேள்வியில் இருக்கிறது.

2021 தேர்தல் அறிக்கையில் திமுக, சட்டமன்றம் ஆண்டுக்குக் குறைந்தது 100 நாட்கள் கூடும் என்று சொல்லியிருந்தது. நேரலை வந்தது, அந்த 100 நாட்கள் வரவில்லை. முந்தைய ஆட்சிகளிலும் நிலைமை இதைவிட மேலாக இருந்ததில்லை. அவை கூடாத நாளில் கேள்வி நேரம் இல்லை. கேள்வி நேரம் இல்லாவிட்டால் மாவட்ட அலுவலகத்தில் அந்தப் பழைய கோப்பை யாரும் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் தொகுதியின் கேள்விகளைத் தேட வேண்டுமானால், பேரவை நடவடிக்கைகள் சட்டமன்றத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. கேள்வியின் எண், தேதி, அமைச்சர் சொன்ன பதில் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு அந்தத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதலாம்: இன்ன தேதியில் பேரவையில் அளிக்கப்பட்ட இந்தப் பதிலின்மீது இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது? முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். வரும் பதிலின் ஒரு நகலை உங்கள் எம்.எல்.ஏ.விடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் அவர் கேட்க வேண்டிய துணைக் கேள்வி அதிலேயே இருக்கும்.